பாதி காலியாகப் போகும் லோரி முதலில், மக்கும் பை கடைசியில்

கேள்வி: பினாங்கின் பிறை வட்டாரத்தில் அப்பா தொடங்கிய மசாலாத் தூள் ஆலையை இப்போது நான் நடத்துகிறேன். 22 தொழிலாளர்கள், மாதம் 25 டன் உற்பத்தி. மிளகாய் குண்டூரிலிருந்தும் மஞ்சள் ஈரோட்டிலிருந்தும் மல்லி ராஜஸ்தானிலிருந்தும் கொள்கலனில் வருகின்றன. பினாங்கு, கெடா, ஈப்போ கடைகளுக்கு எங்கள் மூன்று டன் லோரிகள் போகின்றன. கோலாலம்பூருக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 1.2 டன் போல ஏறும். எங்களிடம் வாங்கும் ஒரு பேரங்காடி நிறுவனம் ‘விநியோகச் சங்கிலியில் சுற்றுச்சூழல் நடைமுறை’ என்று 40 கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பி மாத இறுதிக்குள் பதில் கேட்கிறது. இங்கிலாந்து இறக்குமதியாளர் ஒரு பேக்கெட்டில் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்று கேட்கிறார். விற்பனை முகவர் ஒருவர் மக்கும் பைக்கு மாறச் சொல்கிறார். விலை 40 விழுக்காடு கூடுதல். இந்தியாவிலிருந்து மிளகாய் வாங்குவதே தவறு, பக்கத்தில் தாய்லாந்தில் வாங்குங்கள் என்கிறார் இன்னொருவர். மாதம் மின்சாரம் 9,000 யூனிட், டீசல் 1,600 லிட்டர், வறுப்பதற்கு 50 கிலோ எரிவாயு உருளை 10. ஒவ்வொரு மிளகாய்க் கொள்கலனிலும் நாலைந்து மூட்டை பூஞ்சணம் பிடித்துக் கழிகிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, பிறை

பதில்: வணக்கம் சகோதரி. மக்கும் பைக்கு இப்போது ஆர்டர் கொடுக்காதீர்கள். தாய்லாந்து யோசனையையும் தள்ளி வையுங்கள். நீங்கள் தொடங்க வேண்டிய இரண்டு இடங்களும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: 1.2 டன்னோடு கோலாலம்பூருக்குப் போகும் லோரி, பூஞ்சணம் பிடித்துக் கழியும் மூட்டை. இரண்டுக்கும் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் இவற்றைச் சரிசெய்யக் கடன் வாங்க வேண்டியதில்லை.

படிவம் எதற்காக வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மலேசியாவில் தேசிய நீடித்த நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு 2024 செப்டம்பரில் அறிமுகமானது. 2 பில்லியன் ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள மெயின் மார்க்கெட் (பங்குச் சந்தையின் முதன்மைப் பிரிவு) நிறுவனங்களுக்கு 2025 நிதியாண்டிலும், மற்ற மெயின் மார்க்கெட் நிறுவனங்களுக்கு 2026-லும் அது தொடங்குகிறது. ஏஸ் மார்க்கெட் (வளரும் நிறுவனங்களுக்கான பிரிவு) நிறுவனங்களும், 2 பில்லியனும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ள பட்டியலிடப்படாத பெரிய நிறுவனங்களும் 2027-இல் சேர்கின்றன. இவர்கள் தங்கள் ஆலைப் புகையை மட்டும் கணக்குக் காட்டினால் போதாது. வாங்கும் பொருளுக்குப் பின்னால் உள்ள உமிழ்வையும் படிப்படியாகச் சொல்ல வேண்டும். ‘ஸ்கோப் 3’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் அவர்களுடைய ஸ்கோப் 3-க்குள் ஒரு வரி. அவர்களுக்குத் தேவை உங்கள் எண். உங்கள் கொள்கை விளக்கக் கட்டுரையை யாரும் படிக்கப் போவதில்லை.

சிறுதொழில்களுக்காகவே கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023-இல் ‘எளிமையாக்கப்பட்ட இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) வெளியீட்டு வழிகாட்டி’ ஒன்றை வெளியிட்டது. அந்தப் பதிப்பில் மொத்தம் 35 விவரங்கள். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள். அடிப்படைப் படியை மட்டும் இந்த ஆண்டு நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் படிவத்துக்கும் அதிலிருந்தே எடுத்து எழுதலாம். இதற்காக ஆலோசகர் வைத்து ஆயிரக்கணக்கில் செலவு செய்ய உங்கள் அளவிலான ஆலைக்கு அவசியமில்லை.

கணக்கை இப்போதே போட்டுவிடலாம். டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு. 1,600 லிட்டருக்கு 4,288 கிலோ. எரிவாயு ஒரு கிலோவுக்குச் சுமார் 3 கிலோ. 500 கிலோவுக்கு 1,500. தீபகற்பத்தின் மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.77 கிலோ, 9,000 யூனிட்டுக்கு 6,930. எரிசக்தி ஆணையம் இந்த மின்சார எண்ணை அவ்வப்போது புதுப்பித்து வெளியிடுகிறது. படிவத்தில் எழுதும்போது அதன் அண்மை எண்ணையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். கூட்டினால் மாதம் 12.7 டன். 25 டன் உற்பத்தியால் வகுத்தால் ஒரு கிலோ தூளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். பேரங்காடிக்கு வேண்டியது இந்தக் கடைசி எண்தான். ஏனென்றால் அவர்கள் உங்களிடம் வாங்கும் எடையோடு அதைப் பெருக்கிக்கொள்ளலாம்.

இதில் எல்லாரும் விட்டுவிடும் ஒன்று குளிரூட்டி வாயு. அலுவலக ஏர்கானிலோ குளிர் அறையிலோ ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கடந்த ஆண்டில் ஏர்கான் பழுதுபார்த்தவர் எத்தனை கிலோ நிரப்பினார் என்று ரசீதில் பாருங்கள். ‘கேஸ் டாப்-அப்’ என்று மட்டும் எழுதியிருந்தால், இனிமேல் எடையையும் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தால் குழாயில் ஓட்டை இருக்கிறது. அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

இனி லோரிக்கு வருவோம். பிறையிலிருந்து கோலாலம்பூர் போய்வரச் சுமார் 700 கிலோமீட்டர். மூன்று டன் லோரி லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடினால் 108 லிட்டர், அதாவது 289 கிலோ உமிழ்வு. 1.2 டன் சரக்கால் வகுத்தால் ஒரு டன் தூளை அங்கே கொண்டு சேர்க்க 240 கிலோ. இதைக் கப்பலோடு ஒப்பிடுங்கள். சென்னையிலிருந்து பினாங்கு கடல்வழி சுமார் 2,400 கிலோமீட்டர். கொள்கலன் கப்பலில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த 10 முதல் 20 கிராம் வரை உமிழ்வு என்பது பொதுவான கணக்கு. மிளகாய் இடத்தை அடைக்கும் இலேசான சரக்கு; அதற்காக 25 கிராம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதும் டன்னுக்கு 60 கிலோதான். வங்கக் கடலைக் கடந்து வருவதைப் போல நான்கு மடங்கு உமிழ்வு, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் உங்கள் சொந்த லோரியில் நடக்கிறது.

தாய்லாந்து யோசனை இதனால்தான் நிற்காது. பாங்காக் வட்டாரத்திலிருந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகப் பிறைக்குச் சாலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பெரிய லோரியிலேயே டன்-கிலோமீட்டருக்கு 80 கிராம் என்று பார்த்தால் 80 கிலோவைத் தாண்டிவிடும். குண்டூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை 400 கிலோமீட்டர் லோரியும் உண்டு என்பீர்கள். உண்மைதான், அதைச் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். ஆனால் அந்த வித்தியாசத்துக்காக நிறத்தையும் காரத்தையும் மாற்றி, வாடிக்கையாளரை இழக்கலாமா? கிட்டே இருப்பது பசுமையானது, எட்ட இருப்பது கெட்டது என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பவர்கள் சரக்கு எதில் ஏறி வருகிறது என்று கேட்பதே இல்லை.

கோலாலம்பூர் ஓட்டத்தை வாரம் ஒன்றாக்குங்கள். ஒரே தடவையில் 2.4 டன். பாரம் கூடினால் லோரி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். 115 லிட்டர் என்று வைத்தாலும் டன்னுக்கு 130 கிலோவுக்குள் வந்துவிடும். ஆண்டுக்கு மிச்சமாகும் டீசல் 5,000 லிட்டருக்குக் குறையாது. உமிழ்வில் 13 டன். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறிய பிறகு இது சிறு தொகையில்லை. லிட்டர் 3 ரிங்கிட் என்று வைத்தால் 15,000 ரிங்கிட். ஃபிளீட் கார்டில் (நிறுவன லோரிகளுக்கான டீசல் அட்டை) மானிய விலைக்குப் போட்டாலும் பத்தாயிரத்தைத் தாண்டும். டோலும் ஓட்டுநரின் ஓவர்டைமும் இதில் சேரவில்லை. ஃபிளீட் கார்டு இருந்தால் இன்னொரு வசதி: எந்த லோரி எத்தனை லிட்டர் போட்டது என்ற மாத அறிக்கையே படிவத்துக்கு ஆதாரமாகிவிடும்.

சொல்வது எளிது, உடைவது எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் உங்கள் விற்பனையாளர்கள். கடைக்காரர் போன் செய்ததும் “நாளைக்கே அனுப்பிடுறேன் அண்ணே” என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் எட்டுப் பெட்டியோடு ஒரு லோரி கிளம்பும். வட்டாரத்துக்கு ஒரு நாள் என்று முடிவுசெய்து, குறைந்தபட்ச ஆர்டரையும் வைத்து, அவசர ஆர்டருக்குத் தனிக் கட்டணம் உண்டு என்று விலைப்பட்டியலிலேயே அச்சிடுங்கள். இரண்டாவது, பேரங்காடியின் விநியோக மையம். அங்கே இறக்க நேர ஒதுக்கீடு உண்டு. வாரம் ஒரே ஓட்டம் என்றால் அந்த நேரத்தைத் தவறவிட்டால் முழுச் சரக்கும் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே முதலில் மையத்தில் இறக்கிவிட்டுப் பிறகு சிறு கடைகளுக்குப் போகும்படி வழியை அமைக்கவும். மூன்றாவது, தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய ஆறு வாரங்கள். அப்போது வாரம் இரண்டு ஓட்டம் தேவைப்படலாம், அதில் தவறில்லை, இரண்டும் நிறைந்து போனால் சரி.

திரும்பி வரும் லோரி காலியாக வருகிறதல்லவா? பேக்கெட் ரோலும் அட்டைப் பெட்டியும் கிள்ளான், ஷா ஆலாம் பக்கமிருந்து வாங்குகிறீர்கள் என்றால் அவற்றை அதிலேயே ஏற்றி வாருங்கள். சப்ளையரிடம் அனுப்பும் கூலியைக் கழிக்கச் சொல்லுங்கள். ஆனால் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற வேண்டாம். சொந்தச் சரக்குக்கான ‘சி’ வகை உரிமம் கொண்ட லோரியில் அது சட்டமீறல். அதற்கு ‘ஏ’ வகை உரிமம் வேண்டும். என்ன ஏற்றினாலும் சவர்க்காரம், இரசாயனம் வேண்டாம். மல்லித்தூள் வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று பெட்டி அளவு. விநியோக மையங்கள் கேட்கும் பேலட் (பெட்டி அடுக்கும் தட்டு) பெரும்பாலும் 1200-க்கு 1000 மில்லிமீட்டர். 400-க்கு 300 பெட்டி ஓர் அடுக்குக்குச் சரியாகப் பத்து உட்காரும், ஓர் அங்குலம் வீணாகாது. 430-க்கு 320 என்றால் எட்டுத்தான். உங்கள் பெட்டியைத் திறந்து பேக்கெட்டுகளைச் சுற்றிலும் எவ்வளவு காற்று என்று பாருங்கள். அதே 24 பேக்கெட் சின்னப் பெட்டியில் அடங்கினால் ஐந்து அடுக்குப் பேலட்டில் 40 பெட்டிக்குப் பதில் 50 போகும். பெட்டி ஆர்டரை அடுத்த தடவை கொடுக்கும்போது அளவை மாற்றிக் கேட்டால் முடிந்தது.

அடுத்து பூஞ்சணம். 20 அடி கொள்கலனில் காய்ந்த மிளகாய் சுமார் 7 டன்தான் ஏறும்; 45 கிலோ மூட்டையானால் 155. அதில் ஐந்து மூட்டை கழிந்தால் 3 விழுக்காடு. உரம் போட்டு, தண்ணீர் பாய்ச்சி, பறித்து, உலர்த்தி, லோரியிலும் கப்பலிலும் கொண்டுவந்து, கடைசியில் நிபோங் திபாலில் உள்ள புலாவ் புரோங் குப்பைமேட்டில் சேர்க்கிறீர்கள். மிளகாயின் மொத்த உமிழ்வில் பெரும்பங்கு வயலில் இருக்கிறது. நைட்ரஜன் உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குண்டூர் விவசாயியின் உரத்தை நீங்கள் பிறையிலிருந்து குறைக்க முடியாது. வாங்கியதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

மூட்டை ஏன் கெடுகிறது? பகலில் சூடாகும் கொள்கலனுக்குள் மிளகாயிலிருந்து ஈரம் காற்றுக்கு வருகிறது. இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் துளியாகி மேல்வரிசை மூட்டைகளிலும் கதவோரத்திலும் சொட்டுகிறது. கழியும் மூட்டைகள் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று ஒரு தடவை குறித்துப் பாருங்கள். மேலும் கதவோரமும் என்றால் காரணம் இதுதான். நடு மூட்டைகளும் கெட்டிருந்தால் ஏற்றும்போதே மிளகாய் ஈரம். ஒரே மூலையில் மட்டும் என்றால் கொள்கலனில் ஓட்டை.

ஒப்பந்தத்தில் ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று எழுதுங்கள். அது ஏற்றும் இடத்தில், ஏற்றும் நாளில் அளந்ததாக இருக்க வேண்டும். வாங்கும்போது சரியாக இருந்த மிளகாய் கிடங்கில் நான்கு வாரம் கிடந்தால் ஈரம் ஏறிவிடும். ஏற்றுமுன் ஓர் ஆள் உள்ளே நிற்க, கதவைச் சாத்தி, வெளிச்சம் எங்காவது புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அந்தக் கொள்கலன் வேண்டாம். தரைப் பலகை ஈரமாக இருக்கக் கூடாது. சுவரிலும் மேல்வரிசை மூட்டைகள் மீதும் தடித்த பழுப்புத் தாள் விரிக்க வேண்டும். கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சும் பைகளை 20 அடிக்கு ஆறிலிருந்து எட்டு வரை பக்கச் சுவர் வளையங்களில் தொங்கவிட வேண்டும். தரையில் போட்டால் நீர் கொட்டி அதுவே மூட்டையை நனைக்கும். எல்லாவற்றுக்கும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இறுதித் தவணைப் பணம் படங்கள் வந்த பிறகு.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பட்டர்வொர்த்தில் இறங்கிய கொள்கலனை வாடகையில்லாத இலவச நாள்கள் முடியும்வரை துறைமுக முற்றத்தில் விட்டுவைக்காதீர்கள். கப்பலில் வந்ததை விட வெயிலில் நிற்கும் அந்த ஐந்தாறு நாளில்தான் உள்ளே ஈரம் சொட்டுவது அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் ஏற்றாமல் இருக்க முடிந்தால் நல்லது. அதற்காக அறுவடையின்போதே ஆண்டு முழுமைக்கும் வாங்கிப் பிறையில் அடுக்கினால் வண்டும் நிறமிழப்பும் வரும். குண்டூரிலேயே குளிர்பதனக் கிடங்குகள் நிறைய இருக்கின்றன. அங்கே வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுங்கள், ஒரு தவணையை செப்டம்பருக்குள் முடித்துக்கொண்டு.

ஆர்டர் எழுதும்போது இன்னும் மூன்று சொற்கள் சேர்த்தால் போதும். காம்பு நீக்கிய மிளகாய்: காம்பு எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு, அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து குப்பையில் போட வேண்டாம். எத்திலீன் ஆக்சைடு வேண்டாம், கிருமி நீக்கம் தேவைப்பட்டால் நீராவியால்: 2024 ஏப்ரலில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இந்திய மசாலாக்கள் சில திரும்பப் பெறப்பட்டது இந்த வேதிப்பொருளால்தான். மரப் பேலட்டில் வந்தால் முத்திரையில் ‘எச்டி’ (HT) என்றிருக்க வேண்டும், ‘எம்பி’ (MB) கூடாது: முன்னது 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது, பின்னது ஓசோன் படலத்தை அரிக்கும் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. படிவத்தில் ‘கொள்முதல் நிபந்தனைகளில் சுற்றுச்சூழல் உண்டா’ என்ற கேள்விக்கு இந்த ஆர்டர் தாளின் நகலே பதில்.

பேக்கெட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதிகமான பணம் விரயமாவது இங்கேதான்.

உங்களுடையது பெரும்பாலும் பெட் (PET, தண்ணீர்ப் பாட்டில் பிளாஸ்டிக்), அலுமினியம் பூசிய பெட், பாலித்தீன் என்று மூன்றடுக்குப் படலமாக இருக்கும். இந்த அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் மறுசுழற்சி ஆகாது. ஆனால் தூளைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரப் படலம்; பிராணவாயுவையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. மக்கும் படலங்களில் பெரும்பாலானவை ஈரத்தடுப்பில் பலவீனமானவை. நம் ஊர்க் காற்றில் மிளகாய்த்தூள் கட்டிதட்டும், மல்லித்தூள் மணம் போகும். மக்கும் பை மக்குவதற்குத் தொழில்முறை உர ஆலையின் சூடு வேண்டும். வீட்டுக் குப்பையோடு போனால் அதுவும் குப்பைமேட்டில்தான் புதையும். விற்பனை முகவர் காட்டுவது ‘ஆக்சோ’ வகை, அதாவது தானே பொடிந்துபோகும் பிளாஸ்டிக் என்றால் இன்னும் மோசம்; அது மக்குவதில்லை, நுண்துகளாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதைத் தடைசெய்துவிட்டது.

செலவே இல்லாத முதல் வேலை பையின் நீளத்தைக் குறைப்பது. 150-க்கு 220 மில்லிமீட்டர் பையை 150-க்கு 205 ஆக்கினால் படலம் 7 விழுக்காடு மிச்சம். ஆனால் சும்மா குறைத்தால் சீல் கசியும். கொட்டும்போது தூள் காற்றேறி உப்பியிருக்கும்; மேலே மிதக்கும் தூள் சீல் வாயில் ஒட்டிக்கொள்ளும். நிரப்பியதும் பையை அதிரவைத்துத் தூளைத் தணிக்க வேண்டும், நிரப்பு குழாய் வாயில் தூசி உறிஞ்சி வேண்டும். இரண்டும் இயங்குகின்றன என்று உறுதிசெய்து, 10 மில்லிமீட்டர், பிறகு 15 என்று குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஐம்பது பையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

இங்கிலாந்துக்காரருக்கு வேண்டியது எடை. அங்கே 2022 ஏப்ரல் முதல் பிளாஸ்டிக் பொதிவரி இருக்கிறது. ஆண்டுக்கு 10 டன்னும் அதற்கு மேலும் பிளாஸ்டிக் பொதியை இறக்குமதி செய்பவர் பதிவுசெய்து கணக்குக் காட்ட வேண்டும். 30 விழுக்காட்டுக்குக் குறைவாக மறுசுழற்சிப் பொருள் உள்ள பொதிக்கு வரி. 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் ஒவ்வொரு அளவிலும் பத்து வெறும் பையை நிறுத்துச் சராசரி எடுங்கள். பை, ஜாடி, மூடி, லேபல் என்று தனித்தனியாக எழுதி, படலத் தயாரிப்பாளரின் அடுக்கு விவரத் தாளையும் இணைத்து அனுப்புங்கள். அரை நாள் வேலை. இறக்குமதியாளர் எடை தெரியாமல் தானே கணித்தால் கூடுதலாகத்தான் கணிப்பார்.

ஒரே வகைப் பாலித்தீனால் ஆன பைக்கு மாறுவதை அடுத்த ஆண்டு இங்கிலாந்துச் சரக்கில் மட்டும் முயலுங்கள். அங்கே பேரங்காடி வாசலிலேயே மெல்லிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறும் பெட்டிகள் இருக்கின்றன. இங்கே மஞ்சள் கறை படிந்த சின்னப் பையை எடுத்துக்கொள்ளும் பழைய சாமான்காரரைக் காண்பது அரிது. அதனால் உள்ளூருக்கு எடைக் குறைப்பே போதும். மாறும்போது பிராணவாயுத் தடுப்புக்குச் சேர்க்கும் ஈவிஓஎச் அடுக்கு மொத்த எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் கேளுங்கள். தாண்டினால் ஒரே வகை என்று சொல்லிப் பயனில்லை. மஞ்சளுக்கு வெள்ளை நிறமியிட்ட படலம் கேளுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும், உலோகப் பூச்சு போனதும் அந்தக் காப்பும் போய்விடும்.

இயந்திரம்தான் பெரிய சிக்கல். பழைய படலத்தின் வெளி அடுக்கான பெட் 250 டிகிரி வரை உருகாது. அதனால் 150 டிகிரியில் தாராளமாக அழுத்தினீர்கள். பாலித்தீன் பையில் வெளி அடுக்கே 125-க்கு மேல் இளகும், உள் அடுக்கு 105-110-இல் ஒட்டும். இடைவெளி மிகச் சிறியது. பழைய தெர்மோஸ்டாட் பத்து டிகிரி ஏறி இறங்கினால் ஒரு பை சீல் போடும் தாடையில் ஒட்டும், அடுத்த பை திறந்துகொள்ளும். சூடு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பிஐடி வெப்பக் கட்டுப்பாடு, புதிய டெஃப்லான் நாடா, சற்றுக் குறைந்த வேகம் மூன்றும் இல்லாமல் ரோல் வாங்காதீர்கள். கடுகு, வெந்தயம் போன்ற முழுச் சாமானில் தொடங்குங்கள். அவற்றில் சீல் வாயில் தூசியும் குறைவு, மணம் போகும் பயமும் குறைவு. தூளுக்குப் போகுமுன் 38 டிகிரி, 90 விழுக்காடு ஈரத்தில் மூன்று மாதம் வைத்து மிளகாயின் ஆஸ்டா நிறம் (நிறச் செறிவை அளக்கும் எண்), ஈரப்பதம், மல்லியின் வாசனை எண்ணெய் ஆகியவற்றைப் பழைய பையில் வைத்ததோடு ஒப்பிடுங்கள். அச்சு உருளைகள் நிறத்துக்கு ஒன்று, அளவு மாறினால் எல்லாம் புதிது. ஆகவே கையிருப்பு ரோல் தீரும் மாதத்தோடு பொருந்தும்படி திட்டமிடுங்கள்.

ஜாடியில் விற்பது இருந்தால் ஒரே மாற்றம்: பெட் ஜாடியைச் சுற்றிய பிவிசி உறையை எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பிரிக்கும்போது இரண்டும் மூழ்கும், பிரியாது. கொஞ்சம் பிவிசி கலந்தாலே பெட் முழுவதும் கெடும். மிதக்கும் பாலிப்ரோப்பிலீன் லேபல் போதும்.

பினாங்கின் நாசி கண்டார் கடைகளுக்கும் வாழையிலை உணவகங்களுக்கும் மொத்தமாகப் போடும் தூளைத் திரும்பப் பெறும் வாளியில் கொடுக்கலாம். 10 கிலோ மூடி வாளி, பத்து ரிங்கிட் முன்பணம், தூளுக்கு ஒரு நிறம். மிளகாய் வாளியில் மல்லி போடக் கூடாது, எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாது. முன்பணம் இல்லாவிட்டால் வாளி ஊறுகாய்க்கும் தண்ணீருக்கும் போய்விடும். ஹலால் சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள் என்றால் இதைத் தொடங்குமுன் அதை வழங்கும் ஜாக்கிம் அல்லது மாநில அதிகாரிகளிடம் தெரிவியுங்கள். ஹலால் அல்லாத சமையலறைக்குப் போன வாளி உங்கள் ஆலைக்குள் திரும்பக் கூடாது. மூலப்பொருள் சப்ளையரை மாற்றினாலும் அங்கே பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

படிவத்தில் பலர் தடுக்கி விழும் இடம் ‘அட்டவணைக் கழிவு’, அதாவது சட்டம் எண்ணிட்டுப் பட்டியலிட்ட அபாயக் கழிவு. லோரிக்கும் அரவை இயந்திரத்துக்கும் ஆலையிலேயே எண்ணெய் மாற்றினால் பழைய எண்ணெய் எஸ்டபிள்யூ 305, எண்ணெய்த் துணி எஸ்டபிள்யூ 410. சுற்றுச்சூழல் துறையிடம் அறிவித்து, லேபல் ஒட்டி, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். தெரிந்தவரிடம் டின்னில் ஊற்றிக் கொடுப்பது குற்றம். தொந்தரவு வேண்டாமென்றால் எண்ணெய் மாற்றுவதை வெளிப்பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

தெரியாத கேள்விக்கு ‘ஆம்’ என்று குறியிடாதீர்கள். ஆதாரம் கேட்டு அடுத்த மடல் வரும். ‘இன்னும் இல்லை’ என்று எழுதிப் பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் போடுங்கள். அவர்கள் கணக்கில் அதுவும் ஒரு பதில்தான். தெனாகா மின்சார பில் பன்னிரண்டு, டீசல் அறிக்கை பன்னிரண்டு, எரிவாயு ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வையுங்கள். ‘உங்கள் குறைப்பு இலக்கு என்ன’ என்ற கேள்விக்கு 2050, நிகர பூஜ்யம் என்றெல்லாம் எழுத வேண்டாம். இப்படி எழுதுங்கள்: “கோலாலம்பூர் விநியோகம் ஒரு டன்னுக்கு 240 கிலோவிலிருந்து 130 கிலோவுக்கு, 12 மாதத்தில். மிளகாய்க் கொள்கலன் இழப்பு 3 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குள், அடுத்த நான்கு கொள்கலன்களில்.” கூடவே, அவர்களுடைய விநியோக மையத்தில் வாரம் ஒரு நிலையான நாளும் நேரமும் ஒதுக்கித் தரும்படி அதே மடலில் கேளுங்கள். முதல் இலக்கில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது.